ஓரிரு இடங்களில்

இருபதில் மூன்று. படங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து நிற்க நிற்க எண்ணிக்கொண்டே வந்தேன், தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு மறுபடியும் எண்ணினேன், மூன்றுதான். மீதிப் பதினேழில் ஒன்றுமில்லை. மேற்கே மலையடிவாரத்தில் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாய் மழை, சித்திரை மாதத்துச் சாயங்காலங்களில் எப்போதும் வருகிற மழை, கொடியில் கிடக்கிற துணியை எடுத்து உள்ளே போட்டால் போதும். இந்த மூன்றில்தான் சிவப்பு. சிவப்பின் ஒரு முனை தூண்டில் முள் போல வளைந்திருக்கிறது, அந்த வளைவுக்குள் காற்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. இப்படிச் சுழல்கிற மேகம் நம் பக்கத்தில் அபூர்வம். வந்தால் ஆலங்கட்டி, கூரையை உரித்தெடுக்கும் காற்று, சில சமயம் சுழலே தரைக்கு இறங்கிவிடும். காலையில் வானம் எப்படி இருந்தது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது, பலூன் விட்ட இடத்தில் தெரியும், ராடார் பார்த்த இடத்தில் தெரியும், மற்றதெல்லாம் ஊகம். அதனால் ஊகத்தைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி இருபது தடவை கணினியை ஓடவிடுகிறோம், இருபது சாயங்காலங்கள் கிடைக்கின்றன, அதில் ஒன்றைப் போல உண்மையான சாயங்காலம் இருக்கும் என்பது நம்பிக்கை. உன் இருபது பிள்ளைங்க என்பார் துரைசிங்கம், என் வீட்டுக்காரர். போன் பண்ணினால் சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார், உன் இருபது பிள்ளைங்க இன்னைக்கு என்ன சொல்றாங்க. மூன்று பிள்ளைகள் கத்துகிறார்கள் என்று சொல்லவா? அவர் அங்கேதான் இருக்கிறார். பெருங்கானூர்ப் பக்கம் மின்கோபுரத்தில் கம்பி இழுக்கிற வேலை, அவர்தான் மேஸ்திரி, முந்தாநாள் போனவர். படத்தில் முதலில் எங்கே பார்த்தேன்? சிவப்பைப் பார்த்துவிட்டு ஊரைத் தேடினேனா, ஊரைப் பார்த்துவிட்டுச் சிவப்பைத் தேடினேனா?

இடியுடன் கூடிய மழைக்கு ஓரிரு இடங்களில் வாய்ப்பு. காலை அறிக்கையில் அப்படித்தான் வந்திருந்தது, நேற்றும் அப்படித்தான், நாளையும் வரும். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஒரு மாவட்டத்தில் எத்தனை ஊர் இருக்கிறது, எல்லாவற்றிலும் இடி விழுவதில்லை, ஓரிரு இடங்களில்தான் விழும். அந்த ஒன்று எது, அந்த இரண்டு எது என்று பெயர் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. சுழலும் மேகத்தைக் கணினிக்குள் பிறக்க வைப்பது, வளர்ப்பது, எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்ப்பது. போன கோடையில் இடி விழுந்த ஒரு ஊருக்கு விவரம் கேட்கப் போயிருந்தேன். ஒரு பெண், பள்ளிக்கூடத்தை அப்போதுதான் முடித்தவள், வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினாள். மேகம் வந்துச்சுக்கா, மழை பெருசா வந்துச்சு, அம்மா மரத்தடிக்கு வாடின்னாங்க, நான் ஆட்டைப் பிடிக்கப் போயிட்டேன், திரும்பிப் பார்த்தா மரம் எரியுது. சொல்லிவிட்டு மறுபடி வெங்காயம் உரித்தாள். கண்ணீர் எதனால் வந்தது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்றே வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டாளோ என்னவோ. அன்றைய அறிக்கையை ஊருக்குத் திரும்பி வந்து எடுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஓரிரு இடங்களில். அவள் அம்மா அந்த ஓரிரு இடங்களில் ஒன்றில் நின்றிருந்தாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வெங்காய நெடி வருகிறது எனக்கு, இப்போதும் வருகிறது, ஊறுகாய் நெடியாகவும் இருக்கலாம். டப்பாவை இன்னும் இறுக்கி மூடினேன்.

அருமைநாயகம் சார் அறைக்குப் போகிறபோது என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கோத்துக்கொண்டே போனேன். எங்கள் மையத்துக்குத் தலைவர் அவர், நல்ல மனிதர், அதனால்தான் கஷ்டம், கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். படங்களை மேசையில் பரப்பினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “அழகா வந்திருக்கு,” என்றார். அவருக்கு அது அழகு, எனக்கும் எத்தனையோ நாள் அழகாக இருந்திருக்கிறது. “சார், மாவட்ட நிர்வாகத்துக்குச் சொல்லணும்,” என்றேன். “யாரு?” “நாமதான்.” கண்ணாடியை இறக்கினார். “செண்பகவல்லி, இது இன்னும் சோதனையில இருக்கு. எச்சரிக்கை விடறது நம்ம வேலை இல்ல, அதுக்குன்னு அலுவலகம் இருக்கு. பதினேழு பேர் ஒண்ணுமில்லைன்னு சொல்றாங்க, நீங்க மூணு பேர் பேச்சைக் கேட்டு ஒரு ஒன்றியத்தையே காலி பண்ணச் சொல்றீங்க. வராம போச்சுன்னா? ரெண்டு தடவை வராம போனா மூணாவது தடவை ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க. அன்னைக்குத்தான் வரும்.” அவர் சொன்னது சரி. நானே கருத்தரங்கில் அதைச் சொல்லியிருக்கிறேன், இதே வார்த்தைகளில். படங்களை அடுக்க ஆரம்பித்தேன். அப்போது கேட்டார், மெதுவாக, குறை சொல்கிற தொனி இல்லாமல், “துரைசிங்கம் இப்ப எங்க வேலை பாக்கறார்?” படம் ஒன்று கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பதில் சொன்னேனா? சொன்ன ஞாபகம் இல்லை. தெரிந்துகொண்டிருப்பார்.

அவர் கேட்டதில் என்ன தப்பு? அந்த மூன்று படமும் வேறொரு ஊரின் மேல் விழுந்திருந்தால் இந்த நேரம் நான் சாப்பாட்டை முடித்துக் கைகழுவிக்கொண்டிருப்பேனா? அந்த மூன்றிலேயே ஒன்று தெற்கே தள்ளி, ஆனைமடுப் பக்கம் போகிறது. அதைப் பற்றி அவரிடம் பேசினேனா? இரண்டு பெருங்கானூருக்கு, ஒன்று ஆனைமடுவுக்கு. இருபதில் ஒன்று. ஒன்றுக்காக யாரை எழுப்ப முடியும்? நானும் பதினேழைச் சொல்லி மூன்றை அமுக்குகிறவள்தான், என் மூன்றுக்குள்ளேயே. படிக்கட்டின் திருப்பத்தில் நின்று போனை எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேலே ஏறும்போது போனைக் கீழே பையில் போட்டுத் தொங்கவிட்டுவிட்டுத்தான் ஏறுவார், பை கோபுரத்தின் காலில் தொங்கும், அதற்குள் நான் அடித்துக்கொண்டிருப்பேன். பெண் பார்க்க வந்தபோது வீட்டில் எல்லோரும் என் படிப்பைப் பார்த்து மிரண்டு உட்கார்ந்திருக்க, இவர் ஒருத்தர்தான் கேட்டார், காத்து எப்ப நிக்கும்னு உங்களால சொல்ல முடியுங்களா. முடியாது என்றேன். அப்ப சரி, நாங்களும் அப்படித்தான் ஏறுறோம் என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, எனக்கு அதிலேயே முடிந்துவிட்டது. போன வாரம்தான் சண்டை, இனிமேல் மேலே ஏறாதீங்க, ஆள் வைத்துப் பார்த்துக்கோங்க என்றேன், என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு என்று காலை நீட்டிக் காட்டினார். முழங்காலா பிரச்சினை? மணி நின்றது. மறுபடி அடித்தேன். கோபுரத்தின் உச்சியில் கையை விரித்தால் காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று தோலுக்குத் தெரியும் என்பார். இப்போது அவர் தோலுக்கு என்ன தெரிகிறது? ஜன்னலுக்கு வெளியே சென்னை வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது, ஒரு காக்கை தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது.

திரும்ப அழைத்தார். மூச்சு வாங்கியது, இறங்கி வந்திருக்கிறார். “என்ன செண்பகம், இத்தனை தடவை?” “ஏங்க, வேலையை நிறுத்திட்டு ஆளுங்களோட வண்டிக்குள்ள போயிடுங்க. சாயங்காலம் பெரிய காத்து வரலாம்.” “வரலாமா, வருமா?” “வரலாம்.” “உன் பிள்ளைங்க எத்தனை பேர் சொல்றாங்க?” “மூணு பேர்.” சிரித்தார். “பதினேழு பேர் பொழைச்சுக்கோங்கறாங்களே.” நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். பின்னால் யாரோ கம்பியை இழு இழு என்று குரல் கொடுப்பது கேட்டது. “கம்பி பாதியில நிக்குது. இப்படியே விட்டா ரோட்டுக்கு மேல தொங்கும். கட்டி நிறுத்த நேரம் ஆகும், பரவாயில்ல, கட்டிடலாம்,” என்றவர் திடீரென்று கேட்டார், “இதை வேற யாருக்குச் சொன்ன?” “சார்கிட்ட சொன்னேன். வெளியில சொல்ல வேண்டாம்னுட்டார்.” “அப்ப எனக்கு மட்டும்தான் தெரியும்?” “ஆமா.” “செண்பகம், இங்க சுத்தி மாந்தோப்பு. காய் பறிக்கற காலம், தோப்புக்குத் தோப்பு பொம்பளைங்க நிக்கறாங்க. மழை வந்தா மரத்தடிக்குத்தான ஓடுவாங்க? நான் என் ஆளுங்கள இறக்கிக் கூட்டிக்கிட்டு அவங்க முன்னால வண்டியில போய் உக்காரணுமா?” கோபமாகச் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டே சொன்னார், பிறகு, “நான் இறக்கிடறேன். நீ அவங்களுக்கு ஒரு வழி பண்ணு,” என்று வைத்துவிட்டார்.

ஒரு வழி பண்ணு. மாதா மாதம் சம்பளம் வாங்குகிற வேலையை வைத்துக்கொண்டா, வேலையை விட்டுவிட்டா? போனில் குணவதியம்மாவின் எண் இருந்தது, பெருங்கானூர் இருக்கிற வட்டத்தின் துணை வட்டாட்சியர், போன கோடையில் இடி விழுந்த ஊருக்கு என்னை அழைத்துப் போனவர் அவர்தான், ஜீப்பில் வழியெல்லாம் மல்லிகைக் கன்று எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று பேசிக்கொண்டு வந்தவர், திரும்பும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். வராமல் போகட்டும் என்று ஒரு மனசு வேண்டிக்கொண்டது, வந்துதான் தொலையட்டும், இல்லாவிட்டால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று இன்னொரு மனசு. அந்த இரண்டாவது மனசைப் பார்த்து எனக்கே பயம் வந்தது, அதைப் பார்க்காத மாதிரி எண்ணை அழுத்தினேன். “அம்மா, நான் செண்பகவல்லி பேசறேன். இது அலுவலகச் செய்தி இல்ல, என் சொந்தப் பொறுப்புல சொல்றேன்.” எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றையும் பதினேழையும் மறைக்கவில்லை. பெருங்கானூர் என்று சொன்னேன். “ஆனைமடுப் பக்கமும் கொஞ்சம்…” என்று இழுத்தேன், “அது எங்க வட்டம் இல்லையே மேடம்,” என்றார் அவர், ஆமாம் என்று விட்டுவிட்டேன். “உறுதியாச் சொல்லுங்க மேடம். பறிப்பை நிறுத்தினா தோப்புக்காரங்க என்னைத்தான் வந்து கேப்பாங்க.” “உறுதி இல்லம்மா.” “போன வருஷம் அந்தப் பொண்ணு வீட்டுக்கு நம்ம ரெண்டு பேரும்தான போனோம்,” என்றார். பிறகு, “ஆட்டோவுல மைக் கட்டச் சொல்றேன். வராட்டி உங்க பேரைச் சொல்லுவேன், தப்பா நினைக்காதீங்க.” “சொல்லுங்கம்மா,” என்றேன். வைத்த பிறகு படியிலேயே உட்கார்ந்தேன். பெருக்கிக்கொண்டு வந்தவர் என்னைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ராடார் திரை. இது ஊகம் இல்லை, நடக்கிறது. மலைக்கு மேலே ஒரு புள்ளி எழுந்தது, பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து பருத்தன. சேராமல் போய்விடுமோ என்று பார்த்தேன், சேர்ந்துவிட்டதே என்று பார்த்தேன். இரண்டு மனசும் ஒரே கண் வழியாகப் பார்த்தன. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு. மேகத்தின் தலை உயர்ந்துகொண்டே போனது, விமானங்கள் பறக்கிற உயரத்தையும் தாண்டி. சின்ன வயதில் கோவில்பட்டியில் கரிசல் காட்டுக்கு மேலே இப்படி ஒரு மேகம் நின்றதை மாடியில் இருந்து பார்த்திருக்கிறேன், உள்ளே விளக்கு எரிகிற மாதிரி மின்னியது, சத்தமே இல்லை, அம்மா கீழே இருந்து இறங்கி வாடி என்று கத்தியது மட்டும் கேட்டது, இறங்காமல் நின்றேன், அந்த மேகம்தான் என்னை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்தது. இப்போது சிவப்பு. தென்மேற்கு முனையில் வளைவு, முள். பிறந்துவிட்டது, என் மூன்று பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. பெருமையா அது, நெஞ்சில் ஏறியது? நேராகப் பெருங்கானூரைப் பார்த்து வந்தது, வந்து, எல்லைக்குக் கிட்டத்தில் வேகம் குறைந்தது, சுழல்கிற மேகங்களுக்கு இது வழக்கம், மற்ற மேகங்களோடு போகாமல் தனியாக வலது பக்கம் திரும்பும். திரும்பியது. ஆனைமடு. குணவதியம்மாவை அழைத்தேன், எடுத்தவுடன், “திரும்புதும்மா, ஆனைமடுவுக்குப் போகுது,” என்றேன், “இருங்க, அந்த வட்டத்துக்காரங்க நம்பர் தேடறேன்,” என்றார், நான் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு அடித்தேன், யாரோ எடுத்து, யாருங்க, எந்த ஆபீசுங்க என்று கேட்டார்கள், நாற்காலிக்குப் பின்னால் அருமைநாயகம் சார் வந்து நின்றது தெரியாது எனக்கு, என் கையிலிருந்து போனை வாங்கி, தன் பெயரையும் மையத்தின் பெயரையும் பதவியையும் அழுத்தம் திருத்தமாகச் சொல்லி, ஆனைமடு என்றார், உடனே என்றார். அவர் சொல்லச் சொல்லவே திரையில் அந்த ஊரின் பெயர் சிவப்புக்குள் போய்விட்டது. வெள்ளை எழுத்து, அதனால் சிவப்புக்குள் இருந்தும் தெரிந்தது.

துரைசிங்கம் அழைத்தபோது வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது. குரலைக் கேட்டவுடன் அழுகை வந்தது, விட்டேன், அவர் அது முடிகிற வரைக்கும் காத்திருந்தார். “எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஓரக்காத்துதான் அடிச்சுது, அதுக்கே இழுத்துக் கட்டின கயிறு அறுந்துபோச்சு. மேல ஆள் இருந்திருந்தா…” என்று நிறுத்தினார். மழைச் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பெண் ஒரே ஸ்தாயியில் அழுவது கேட்டது. “எங்க இருக்கீங்க?” “ஆனைமடு. ரோட்டுல மரம் விழுந்து ஆம்புலன்ஸ் வர முடியலேன்னாங்க, நம்மகிட்ட கிரேன் இருக்கு, கயிறு இருக்கு, ஆளுங்களோட வந்துட்டேன். மாம்பழம் அடுக்கற தகரக் கொட்டாய் விழுந்திருக்கு. உள்ள இருந்தவங்க எல்லாரையும் எடுத்துட்டோம், கை கால் அடிதான்.” “எல்லாரையும்னா?” யாரிடமோ தள்ளி நில்லு என்றார். “ஏங்க.” “ஒரு அம்மா இல்ல, செண்பகம்.” கண்ணை மூடிக்கொண்டேன். “பேரு என்ன?” “வேண்டாம், விடு.” “பேரு கேளுங்க.” அவர் நடப்பது கேட்டது, சேற்றில் கால் புதைந்து எழும் சத்தம், அழுகை கிட்டே வந்தது, தணிந்த குரலில் அவர் கேட்பது, யாரோ சொல்வது. “மாதம்மா. ஊர் இது இல்லையாம்.” “எந்த ஊர்?” “பெருங்கானூர். மைக்ல சொன்னவுடனே அங்க பறிப்பை நிறுத்திட்டாங்களாம். கூலி போகுதேன்னு தோப்புக்காரன் டெம்போவுல ஏத்தி இங்க இருக்கற தோப்புக்கு அனுப்பியிருக்கான்.” பெருங்கானூர்த் தோப்புகளில் ஓரக்காற்றோடு போயிருக்கும். அங்கேயே நின்றிருந்தால் மாதம்மா இந்நேரம் வீட்டுக்குப் போய் அடுப்பு பற்ற வைத்திருப்பாள். “நீ சொல்லலேன்னா என் ஆளுங்க மேலயே இருந்திருப்பாங்க செண்பகம்,” என்றார் அவர். “தெரியும்,” என்றேன். இரண்டும் தெரியும். ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழிக்க முடியாது என்பதும் தெரியும். கயிறு, கொட்டாய், டெம்போ, கூலி. காற்றை மட்டும்தான் கணினிக்குள் போட்டேன், டெம்போவை யார் போடுவது?

வைத்த பிறகு சார் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் சொன்னேன், கேட்டுக்கொண்டார், உட்கார்ந்தார். “நான் முதல்லயே சம்மதிச்சிருந்தா ரெண்டு வட்டத்துக்கும் முறையாப் போயிருக்கும்,” என்றார். இல்லை சார், ஆனைமடுவை நானே சரியாகச் சொல்லவில்லை என்று சொல்ல நினைத்து, சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா என்று புரியாத ஆட்டல். கணினியின் அடுத்த ஓட்டம் முடிந்து புதிய படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்து நிற்க ஆரம்பித்தன, நாளைச் சாயங்காலத்துக்கானவை. பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், பையைக்கூட எடுத்துவிட்டேன். போன் அடித்தது. குணவதியம்மா. மணி அடிக்க அடிக்க அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றேன், என்ன கேட்கப் போகிறார், உங்களால்தான் என்று சொல்லட்டும், சொன்னால் நல்லது. எடுத்தேன். “தகவல் வந்துச்சு மேடம்,” என்றார். “வேலையை நிறுத்துங்கன்னு சொல்லச் சொன்னேன், வேற எங்கயும் போகாதீங்கன்னு சொல்லச் சொல்லலே. எனக்குத் தோணலே.” எனக்கும்தான் தோன்றவில்லை. அவர்தான் கேட்டார். “நாளைக்கு எப்படி மேடம்? ஆனைமடு தாசில்தாரும் இங்கதான் பக்கத்துல இருக்கார். சொல்லுங்க, காலையிலேயே ரெண்டு வட்டத்துலயும் ஊர் ஊராச் சொல்லிடறோம்.” பையைக் கீழே வைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தேன். “எல்லாப் படத்தையும் பாக்கணும்மா, நேரம் ஆகும்,” என்றேன். “இருக்கோம் மேடம்,” என்றார். எங்கும் சிவப்பு இல்லை, எங்கும் தெளியவும் இல்லை, பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது மாவட்டம். வடக்கு எல்லையில் என்றைக்குமே நான் வாசித்திராத சின்ன எழுத்தில் ஓர் ஊர். அதன் பெயரைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அடுத்ததைச் சொன்னேன்.